பத்துவீட்டுச் சந்துக்கு இடம் கொடுத்த லட்சணம்

போன வாரம் என்னிடம் வேலை பழகிய ஒரு பெண் போனில் பேசினாள். இப்போது நிலமெடுப்புப் பிரிவில் வருவாய் ஆய்வாளராக இருக்கிறாள். "மேடம், இனிமே எங்களுக்கு வெயில்ல அலையிற வேலையே இல்ல. ட்ரோனைப் பறக்க விட்டா எல்லாம் படத்துல வந்துருது. வீடு, கெணறு, மரம் எல்லாத்தையும் அதுவே எண்ணிருது" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

"சரிடி, அந்த எடத்துல யாரு என்ன செய்றாகன்னு அது சொல்லுமா?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு மேடம்?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நேரில் போய், நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணால் பார்த்த பெரிய மனிதர்களே அதை எழுதாமல் விட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அந்தக் கதையை ஆரம்பித்தேன். பாதியில் மீட்டிங் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். ஆரம்பித்ததை முடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

எனக்கு உசிலம்பட்டிப் பக்கம். விவசாயக் குடும்பம். தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, தாலுகா ஆபீஸில் தபால் பிரித்து, சாதிச் சான்றிதழுக்கு முத்திரை குத்தி, பதவி உயர்வில் துணை வட்டாட்சியராகி, கடைசியில் நிலமெடுப்பில் வந்து விழுந்தேன். சாலைக்கு, பாலத்துக்கு, பஸ் நிலையத்துக்கு என்று அரசாங்கத்துக்கு நிலம் தேவைப்படும்போது, உரியவர்களிடமிருந்து அதை வாங்கி, உரிய இழப்பீட்டைக் கொடுக்கிற வேலை. சட்டப் புத்தகத்தில் படிக்கும்போது ரொம்ப நியாயமாக இருக்கும். ஆபீஸில் எனக்கு வெடிமருந்து என்று பட்டப்பெயர். நான் அதற்கு வருத்தப்பட்டதில்லை.

இந்த வேலையின் உயிரே தல ஆய்வு என்கிற ஒன்றுதான். எடுக்கப்போகிற இடத்தை அதிகாரி நேரில் போய்ப் பார்த்து, அங்கே என்ன இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்று எழுதுவார். அவர் எழுதுவதுதான் அதன் பிறகு உண்மை. கிணறு இருந்தும் அவர் எழுதாவிட்டால் அங்கே கிணறு கிடையாது. மனு போட்டாலும், மண்டியிட்டாலும், அந்தக் காகிதத்தைத் தாண்டி வர ரொம்பக் கஷ்டம்.

நான் சேர்ந்த புதிதில் இருந்த வட்டாட்சியர் சரியான சிடுமூஞ்சி. ஆய்வுக்குப் போகிற ஊரில் ஒருவர் வீட்டிலும் கை நனைக்க மாட்டார். யாராவது மோர் நீட்டினால், "எடுத்துட்டுப் போம்மா, நான் என்ன விருந்துக்கா வந்திருக்கேன்" என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்வார். ஜீப்பின் நிழலில் நின்று, வீட்டிலிருந்து கொண்டு வந்த புளிச்சோற்றைத் தின்பார். நானே அவரை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

ஒருமுறை மேற்கே ஒரு புறவழிச் சாலைக்காக நிலம் பார்க்கப் போனோம். நல்ல கோடை. கிணற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை. கூட வந்த பொறியாளர் "பாழடைந்த கிணறு" என்று எழுதிவிட்டார். நிலத்துக்காரர் மண்ணை வாரித் தூற்றாத குறை. எங்களையும் எங்கள் வம்சத்தையும் சேர்த்துத் திட்டினார். சிடுமூஞ்சி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வயலுக்குள் இறங்கி நடந்தார். அறுத்த நெல் தாள் காலில் குத்தியது. திரும்பி வந்து பொறியாளரைக் கேட்டார்: "இங்கிட்டுக் கண்மாயும் இல்ல, வாய்க்காலும் இல்ல. பெறகு இந்த நெல்லு மந்திரத்துலயா வெளஞ்சுச்சு?" பாசனக் கிணறு என்று திருத்தச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். நிலத்துக்காரருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவர் போன பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் வந்து சேர்ந்தவர்தான் நம் கதாநாயகர். தனித் துணை ஆட்சியர். பெயர் வேண்டாம். நல்ல சாமி பெயர்தான், சாமிக்குத்தான் அவமானம்.

இவர் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். மனு கொடுக்க வருகிறவர்களை உட்கார வைப்பார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிப்பார், டீ வரவழைப்பார். முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "செஞ்சிருவோம்ங்க, அதுக்குத்தானே நாங்க இருக்கோம்" என்பார். வெளியே வருகிறவர்கள் "தங்கமான மனுஷன்" என்று எங்களிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்கள் தலையாட்டிக்கொள்வோம்.

அவருடைய வேலை முறை என்னவென்று உள்ளே இருந்த எங்களுக்குத்தான் தெரியும். கோப்பில் நாங்கள் ஒரு பிரச்சினையை எழுதி உத்தரவு கேட்டால், ஓரத்தில் பென்சிலால் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். போய் நிற்போம். என்ன செய்ய வேண்டும் என்பதை வாயால் சொல்வார். திரும்பி வந்து அதை எங்கள் சொந்த யோசனை மாதிரி நாங்கள் பேனாவால் எழுத வேண்டும். பிறகு பென்சில் எழுத்தை அழித்துவிட்டுக் கீழே கையெழுத்து மட்டும் போடுவார். நாளைக்கு வழக்கு என்று வந்தால் மாட்டுகிறவன் எழுதியவன். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அந்த ஊசி அந்த மேஜைமேல் பென்சில் வடிவத்தில் கிடந்தது.

இவர் காலத்தில்தான் செல்லூர்ப் பக்கம் ஒரு மறுசீரமைப்புத் திட்டம் வந்தது. நெருக்கமான பழைய வீடுகளையும் பட்டறைகளையும் எடுத்துவிட்டு, தெருவை அகலமாக்கி, அடுக்குமாடி வீடுகளும் கடைகளும் கட்டுவதாகத் திட்டம். அதற்கு நடுவில் பத்துவீட்டுச் சந்து இளைஞர் மன்றத்தின் இடம் மாட்டிக்கொண்டது. சந்தின் கடைசியில் வாய்க்கால் ஓரம் ஒரு மைதானம், ஒரு கொட்டகை. கொட்டகையில் உடற்பயிற்சிச் சாமான்கள். மைதானத்தில் கபடி. தறி வேலை முடித்து வருகிற பையன்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கல்லூரியில் படிக்கிறவர்கள் எல்லாம் சாயங்காலம் அங்கேதான். ஒருநாள் பையன்கள், மறுநாள் பெண்பிள்ளைகள். பெண்களுக்கான கபடிக் களம் ஆண்களுடையதைவிட நீளத்திலும் அகலத்திலும் சிறியது. அதனால் தினமும் பழைய கோட்டைக் கூட்டி அழித்துவிட்டு, அன்றைக்கு ஆடுகிறவர்களுக்குத் தக்கபடி சுண்ணாம்புத் தூளால் புதுக்கோடு போடுவார்கள்.

மன்றத்தின் செயலாளர் காதர். சந்து முனையில் பஞ்சர் கடை வைத்திருந்தார். பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவள் பாண்டிச்செல்வி. பகலில் விசைத்தறியில் நிற்பாள், சாயங்காலம் விசிலோடு மைதானத்தில் நிற்பாள். தானும் ஒரு காலத்தில் ஆடியவள். இரண்டு பேருமே என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சார்நிலை, மேல்நிலை என்ற வித்தியாசமெல்லாம் அந்தச் சந்துக்குள் நுழைந்ததே இல்லை.

அவர்களுடைய சிக்கல் இதுதான். அந்த இடத்தை அந்தக் காலத்தில் ஒரு தறி முதலாளி, "ஆடுங்கடா" என்று வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. வாரிசுகள் திருப்பூர்ப் பக்கம் போய்ப் பல வருஷம். இழப்பீட்டைப் பணமாகக் கொடுத்தால் அது அந்த வாரிசுகளுக்குப் போகும், மன்றத்துக்குக் காலணா கிடையாது. ஆனால் திட்ட விதிகளில் ஒரு நல்ல பிரிவும் இருந்தது. பொதுமக்களின் பயன்பாட்டில் இருக்கிற வசதி ஒன்றை எடுத்தால், திட்ட எல்லைக்குள்ளேயே அதற்கு மாற்றிடம் தர வேண்டும். ஆக, தல ஆய்வில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதினால் அந்தப் பிள்ளைகளுக்கு மைதானம் உண்டு. இல்லை என்று எழுதினால் தெருவில்தான் ஆட வேண்டும். அதுவும் அகலமாக்கிய தெருவில், பஸ்ஸுக்கு நடுவில்.

ஆய்வுக்கு நாள் குறித்து முறைப்படி தகவல் கொடுத்தோம். அன்று காலை நான், நில அளவர், அதிகாரி மூவரும் போனோம். ஜீப் சந்துக்குள் நுழைந்தது.

சாமியானா பந்தல். அதற்குள் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். நடு நாற்காலிமேல் ஒரு துண்டு விரித்து வைத்திருந்தார்கள். மைதானத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, நட்ட நடுவில் தேர் அளவுக்கு ஒரு கோலம். கொட்டகைக்குப் புதுச் சுண்ணாம்பு. உள்ளே எட்டிப் பார்த்தால் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு டம்பெல்ஸ் இல்லை, ஒரு கர்லாக்கட்டை இல்லை. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த அணிப் படங்கள் இல்லை. கோப்பைகளை எல்லாம் தூசி படிந்திருக்கிறது என்று சாக்கில் கட்டி யாரோ வீட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். பையன்கள் வெள்ளை வேட்டி கட்டி வரிசையில் நின்றார்கள். பன்னீர் தெளித்தார்கள். அதிகாரிக்கு ஆளுயர மாலை.

அவர்களைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சந்துக்கு அதுவரை அதிகாரி என்று வந்தவர்கள் எல்லாம் பரிசளிப்பு விழாவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். பெரியவர்கள் வந்தால் என்ன செய்வார்களோ அதைச் செய்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வருகிறவர் முன்னால் அழுக்குத் துணியை எடுத்து மறைக்கிற மாதிரி, தங்களுடைய உரிமையைத் தாங்களே எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார்கள்.

நம்மவருக்கு முகமெல்லாம் பல். நடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஜிகர்தண்டா வந்தது. முட்டை போண்டா வந்தது. "அடடா, என்ன உபசாரம், என்ன உபசாரம்! மதுரைன்னா மதுரைதான்" என்றார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "இங்க என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

"கபடிதான் சார். தெனமும் நடக்கும்" என்றார் காதர், கையைக் கட்டிக்கொண்டு.

"கோடு கீடு ஒண்ணும் காணோமே?"

"நீங்க வாரீகன்னு அம்புட்டையும் கூட்டித் தள்ளிட்டோம் சார். ஒரு குப்ப பாக்க முடியாது!" காதர் பெருமையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நில அளவரிடம் ஏதோ குறித்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் ஆய்வறிக்கை நகல் என் மேஜைக்கு வந்தது. "தல ஆய்வின்போது விளையாட்டுக் கருவிகளோ, ஆடுகள எல்லைக் கோடுகளோ காணப்படவில்லை. நிகழ்ச்சிகளுக்குப் பந்தல் அமைக்கும் காலியிடமாக உள்ளது. பொதுப் பயன்பாடு நிரூபிக்கப்படவில்லை." கீழே நான் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள்.

எனக்கு உச்சந்தலையில் சூடேறியது. நேராக அவர் அறைக்குப் போனேன்.

"சார், அந்தப் பிள்ளைக நமக்காகத்தானே எல்லாத்தையும் எடுத்து வச்சாக? நம்ம கண்ணு முன்னாலதானே சொன்னாக?"

"உட்காருங்கம்மா. எதுக்கு நின்னுகிட்டு? டீ சொல்லட்டுமா?" குரல் தேன் மாதிரிதான் இருந்தது. "நான் என்னம்மா செய்யறது? பார்த்ததைத்தானே எழுத முடியும்?"

"ஜிகர்தண்டா குடிச்சோமே சார், அத எழுதலியே?"

ஒரு நொடி அந்தச் சிரிப்பு நின்றது. பிறகு மறுபடி ஒட்டிக்கொண்டது. "மாற்றிடம்னு ஆரம்பிச்சா கடைகளோட வரைபடத்தையே மாத்தணும்மா. மேலே அவசரப்படறாங்க. உங்களுக்கும் ஓய்வு பெறுகிற நேரம். எதுக்கு வீண் மனக்கஷ்டம்?" என்றார். மிரட்டலைக்கூட அவர் நலம் விசாரிக்கிற தொனியில்தான் சொல்வார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. மறு ஆய்வு வேண்டும் என்று கோப்பில் எழுதி அனுப்பினேன். வழக்கம்போல ஓரத்தில் பென்சிலால் 'பேசவும்' என்று வந்தது. போனேன். எனக்கு அறிவுரை கிடைத்தது. திரும்பி வந்து, அந்தப் பென்சில் எழுத்துக்கு நேர் கீழே பேனாவால் எழுதினேன்: "பேசினேன். உறுப்பினர்கள் வரவேற்புக்காகக் கோடுகளை அழித்ததாகத் தனித் துணை ஆட்சியரான தங்கள் முன்னிலையிலேயே கூறினர் என்பதைத் தங்களுக்கு நினைவூட்டினேன். மறு ஆய்வு அவசியம்."

ஆபீஸே அரண்டு போயிற்று. பேசவும் என்பதற்குக் கீழே பேசினேன் என்று யாரும் எழுதியதே இல்லையாம். இனி பென்சிலை அழித்தாலும் என் பேனா எழுத்து நிற்கும். நாளைக்கு எந்த நீதிமன்றத்தில் கோப்பு விரிந்தாலும் அந்த வரி கண்ணில் குத்தும். நான்கைந்து நாள் கோப்பு அவர் மேஜையிலேயே கிடந்தது. பிறகு மறு ஆய்வுக்கு நாள் குறித்து வந்தது, இந்த முறை சாயங்காலம்.

காதரின் பஞ்சர் கடைக்குப் போனேன். "நீங்க எதையும் ஜோடிக்க வேண்டாம், எதையும் மறைக்கவும் வேண்டாம். தெனமும் என்ன நடக்குமோ அது நடக்கட்டும். பந்தல் கூடாது, மாலை கூடாது, நாற்காலி கூடாது, ஜிகர்தண்டா கூடவே கூடாது" என்றேன்.

காதர் டியூபைத் தண்ணீரில் முக்கியபடியே நிமிர்ந்து பார்த்தார். "அதெப்படிக்கா? நம்ம எடம் தேடி வர்ற மனுசரு. ஒரு வாய்த் தண்ணி குடுக்காம, வெயில்ல நிக்க வச்சு... எங்க அத்தா இருந்தா என்னைய வீட்டுக்குள்ளயே சேக்க மாட்டாரு."

பாண்டிச்செல்வி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். "அண்ணே, போன தடவ அவருக்குச் சேரு போட்டோம், நமக்கு இருந்த தரையவே எடுத்துட்டாரு. இந்தத் தடவ நின்னுதான் பாக்கட்டும். காலு ஒண்ணும் தேஞ்சு போயிறாது" என்றாள். காதருக்கு மனசே இல்லை. கடைசியில், "அப்ப நான் அந்தப் பக்கமே வரல. என் கண்ணால அத பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

சொன்னபடியே, அதிகாரி வந்தபோது அவர் கடைக்குள் ஒரு பழைய டயரை வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அன்று பெண்பிள்ளைகளின் முறை. ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் நாலைந்து பையன்கள் எடை தூக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். உட்கார நாற்காலி எங்கே என்று தேடுகிறார் என்பது அந்தக் கண்ணிலேயே தெரிந்தது.

"என்ன, இன்னைக்கு வாங்கன்னு சொல்லக்கூட ஆளில்லையா?" என்றார்.

பாண்டிச்செல்வி வாயிலிருந்து விசிலை எடுத்தாள். "வாங்க சார். செத்த நில்லுங்க, இந்த ரைடு முடியட்டும்." மறுபடி விசிலை வாயில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். இதற்கு மேல் பயன்பாட்டுக்கு என்ன சாட்சி வேண்டும்? இந்தப் புழுதியைத்தானே ஐயா நீங்கள் போன முறை காணவில்லை என்று எழுதினீர்கள், இப்போது பேன்ட் முழுக்க அப்பியிருக்கிறதே என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

ரைடு முடிந்தது. அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். நில அளவரைக் கூப்பிட்டார். "பயன்பாடு இருக்கு. சந்தேகமே இல்லை. அளந்துக்குங்க. கோட்டுக்கு உள்ளே மட்டும்."

எனக்குப் புரியச் சற்று நேரமானது. "சார், கோட்டுக்கு உள்ள மட்டும்னா? மொத்த எடமும் மன்றத்து எடம்தானே?"

"பயன்பாட்டிலே இருக்கறது கோட்டுக்கு உள்ளேதானேம்மா? வெளியே யாரும் ஆடலியே."

"இது பொண்ணுகளுக்குப் போட்ட கோடு சார். நாளைக்குப் பையங்களுக்குப் பெருசாப் போடுவாக. ஆடுறவுக ஓடி நிக்க, விழுந்து எந்திரிக்கச் சுத்தி எடம் வேணும். கொட்டகை இருக்கு, அதுக்குள்ள பையங்க..."

"நாளைக்குப் போடறதை நான் இன்னைக்கு எப்படிம்மா எழுத முடியும்? பார்த்ததைத்தான் எழுத முடியும்." கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் ஒரு கும்பிடு, பாண்டிச்செல்விக்கும் ஒரு கும்பிடு. கொட்டகையைப் பற்றிக் கேட்டதற்கு, அது கட்டடம், பட்டாதாரரின் பணக் கணக்கில் சேரும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

நான் விட்டேனா? ஆட்சேபணை எழுதினேன். கபடி விதிகளை அச்சிட்டுக் கோப்பில் சேர்த்தேன். ஆண்கள் களத்தின் அளவையும் பெண்கள் களத்தின் அளவையும் படம் போட்டுக் காட்டினேன். மேலே போனது. மேலேயிருந்து பதில் வந்தது: மன்றத்துக்கு விதிப்படி மாற்றிடம் வழங்கப்பட்டுவிட்டது, குறை ஏதுமில்லை. நீதிமன்றத்துக்குப் போவோம் என்று நானே மன்றத்துக்காரர்களைத் தூண்டினேன். காதர் வேண்டாம் என்றார். "கேசுன்னு போனா வருசக்கணக்கா இழுக்கும்க்கா. குடுத்ததையும் நிறுத்தி வச்சுருவாக. பொண்ணுகளுக்காவது ஒரு எடம் கெடச்சுச்சேன்னு இருந்துக்கிறோம்."

இந்த 'ஆவது' இருக்கிறதே, அதைக் கேட்டால் இன்றைக்கும் என் ரத்தம் கொதிக்கிறது. அவர்கள் யாரிடமும் பிச்சை கேட்கவில்லை. தங்களிடம் இருந்த ஒன்றை அரசாங்கம் எடுத்தது. அதற்குப் பதில் கேட்டார்கள். எடுக்கும்போது சந்து முனையிலிருந்து வாய்க்கால் வரை கயிறு பிடித்து அளந்தவர்கள், கொடுக்கும்போது சுண்ணாம்புக் கோட்டை அளந்தார்கள். இதற்கு விதிப்படி என்று பெயர்.

நான் ஓய்வு பெற்றுப் பசுமலைக்குக் குடிவந்த பிறகுதான் கட்டடங்கள் எழும்பின. ஒருநாள் போய்ப் பார்த்தேன். மன்றத்துக்குக் கொடுத்த இடம் கடை வளாகத்தின் முதுகுப் பக்கம், மூன்று பக்கமும் ஓங்கிய சுவர். கோடு எங்கே முடிந்ததோ அங்கேயே சுவரை எழுப்பியிருந்தார்கள். ஒரு சாண் அதிகம் விடவில்லை. பையன்கள் அங்கே வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கான களம் அதற்குள் அடங்காது. எங்கே போய் ஆடுகிறார்கள் என்று கேட்டேன். "ஆளுக்கொரு பக்கம் போயிட்டாய்ங்க அக்கா. செல்போனு இருக்குல்ல" என்றாள் பாண்டிச்செல்வி. பெண்பிள்ளைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார்கள். மோதினால் மண்டை உடையாமலிருக்கக் காதர் தன் கடையிலிருந்த பழைய டயர்களைக் கொண்டு வந்து சுவர் நெடுகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அப்படியும் ஒரு பிள்ளையின் முழங்கையில் கட்டு இருந்தது.

நம்மவருக்குப் பதவி உயர்வு வந்தது என்று கேள்விப்பட்டேன். தங்கமான மனுஷன் அல்லவா.

சில மாதங்களுக்கு முன்னால் என் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் பெண்கள் கபடிப் போட்டி நடந்தது. பத்துவீட்டுச் சந்து அணி வருகிறது என்று பாண்டிச்செல்வி போன் செய்தாள். போனேன். பரந்த மைதானம். நாலு பக்கமும் திறந்த வெளி, தூரத்தில் வேப்ப மரங்கள். கோட்டுக்கு வெளியே ஓடி விழுந்து புரளுவதற்கு எவ்வளவோ இடம்.

நம் பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள். அவர்களுடைய வேகத்துக்கு எதிரணியால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை. ஒவ்வொரு பிள்ளையும் பாடிக்கொண்டு போகிறாள், எதிராளியைத் தொடுகிறாள், தப்பிக்க ஓரமாகப் பாய்கிறாள், கோட்டை நெருங்கும்போது திடீரென்று வேகத்தைக் குறைத்து, தோளைச் சுருக்கி, உள்பக்கமாகத் திரும்பி நேராக எதிரணியின் கைகளுக்குள் போய் விழுகிறாள். ஓரக் கோட்டை ஒட்டியே நடுக்கோட்டுக்கு ஓடித் தப்பிக்க வழி இருந்தது. ஒருத்திகூட அந்த வழியில் போகவில்லை. எதிரணிக்காரிகள் முதலில் நம்ப முடியாமல் பார்த்தார்கள். பிறகு அதைக் கண்டுபிடித்துக்கொண்டு, ஓரத்தைக் காலியாக விட்டுவிட்டு உள்ளேயே காத்துக்கொண்டிருந்தார்கள். புள்ளிகள் மளமளவென்று போயின.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "என்னங்க இந்தப் புள்ளைக, ஓரத்தப் பாத்தாலே பயப்படுதுக?" என்றார். சொல்லத் தொடங்கியிருந்தால் அந்த மனிதருக்குக் கோப்பு எண்ணிலிருந்து சொல்லியிருப்பேன்.

கடைசி ரைடு. முழங்கையில் கட்டுப் போட்டிருந்தாளே, அதே பிள்ளை பாடிக்கொண்டு போனாள். ஒருத்தியைத் தொட்டாள். களத்தில் மிச்சமிருந்த ஐந்து பேரும் அவளை வளைத்தார்கள். ஓரம் முழுக்கத் திறந்து கிடந்தது. அவள் அந்தப் பக்கம் பாய்ந்து, கோட்டுக்கு முன்னால் காலை ஊன்றி, அன்று கட்டுப் போட்டிருந்த கையை மடக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

பாண்டிச்செல்வி எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்:

"அங்கன செவரு இல்லடி! ஓடுடி, செவரு இல்ல!"